உத்தியோகமும் பரீட்சையும்

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் பள்ளிச் சிறுவர்களும் கல்லூரி மாணவர்களுமே. பட்டம் பெற்று, உத்தியோகத்தில் அமர்ந்து, மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டால் பரீட்சையின் பிடியிலிருந்து மனிதன் விடுதலை பெற்றுவிடுகிறான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மை அவ்வாறில்லை. இலாகாத் தேர்வு, மொழித் தேர்வு, தகுதித் தேர்வு, பதவி உயர்வுத் தேர்வு என்று உத்தியோகத்தில் இருப்பவரையும் பரீட்சைகள் தொடர்ந்து வருகின்றன. இருபது வயதில் எழுதும் பரீட்சையைக் காட்டிலும் நாற்பது வயதில் எழுதும் பரீட்சை பாரம் மிகுந்தது. மாணவன் தோற்றால் தந்தை கடிந்துகொள்வார். அடுத்த முறை எழுதித் தேறிவிடலாம். உத்தியோகத்தில் இருப்பவர் தோற்றாலோ, அதனை வீட்டில் மனைவி மக்கள் அறிவர். அலுவலகத்தில் தமக்குக் கீழே பணிபுரிவோரும் அறிவர். தலைநிமிர்ந்து நடந்தவர் சில நாட்கள் தலைகுனிந்து நடக்கிறார்.

தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழருக்கு மற்றொரு சுமையும் உண்டு. பாடம் புதிது என்பதோடு, அதனை எழுதவேண்டிய மொழியும் புதிதாகிவிடுகிறது. கடைத்தெருவில் சரளமாகப் பேசிய அதே மொழி, வினாத்தாளில் அச்சாகி வரும்போது அந்நியமாகத் தோன்றுகிறது.

இந்த அச்சம் எதனால் உண்டாகிறது? பணியில் நாம் பெறும் மனநிறைவை அது எவ்வாறு தாக்குகிறது? அதற்கு மாற்று உண்டா? இவற்றை ஆராய்வதற்குக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. சுரங்கத்தின் அடியிலும், பின்னர்ப் பல்கலைக் கழகத்தின் மேசையிலும், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சோதனைகளைச் சந்தித்து வந்த ஊர் அது.

தங்கவயலின் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கப் பணியை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் அங்குக் குடியேறின. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962-இல் மத்திய அரசு ஏற்றது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு அந்நிறுவனத்தின் பணி நிறுத்தப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை அந்த மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் தமிழ் பேசும் உழைப்பாளிகள்.

அங்கு வேலையே ஓர் ஓயாத பரீட்சையாக இருந்தது. பூமிக்கடியில் இறங்கிய தொழிலாளி, தன் தலைக்கு மேலுள்ள பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பான். ஓசை கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியாக உள்ளது. வெற்றுக் குடம்போல் ஒலித்தால் அது தளர்ந்துள்ளது, எந்நேரமும் பெயர்ந்து விழலாம். இந்த வேறுபாட்டைக் காதால் அறிந்தவன் பிழைத்தான். இத்தனை கூரிய அறிவு பெற்றிருந்தவர்களுள் பலர், ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதவேண்டும் என்றால் நடுங்கினார்கள் என்பது வியப்பன்று. அவர்களுடைய அறிவு கையிலும் காதிலும் இருந்தது. பரீட்சையோ அதனைச் சொல்லில் கேட்டது.

சுரங்கத்திலும் ஏட்டுப் பரீட்சை இருக்கத்தான் செய்தது. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும், அதன் கீழ் எழுந்த 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்கு விதிகளும், பொறுப்புள்ள வேலைகளுக்குத் தகுதிச் சான்றிதழை வற்புறுத்தின. மேட், போர்மன், வெடி வைப்பவர், நில அளவையாளர், தொழிலாளரைக் கூண்டில் ஏற்றி இறக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர், மேலாளர் ஆகிய ஒவ்வொருவரும் காற்றோட்டம், வெடிமருந்து, பாறைக்கு முட்டுக் கொடுத்தல், சட்ட விதிகள் முதலியவற்றில் எழுத்தாலோ வாய்மொழியாலோ சோதிக்கப்பட்டே அந்தச் சான்றிதழைப் பெற இயன்றது. இச்சோதனைக்குத் தெளிவான நியாயம் உண்டு. வெடி வைக்கத் தெரியாதவன் கையில் வெடிமருந்தைக் கொடுத்தால் அவனோடு பலரும் அழிவர். அன்றியும் அச்சான்றிதழ் பெற்றவருக்கு ஒரு பாதுகாப்பாகவும் அமைந்தது. தன் மேலதிகாரி மட்டும் அறிந்த திறமை, அந்தச் சுரங்கம் மூடப்பட்டவுடன் சாட்சியற்றதாகிவிடுகிறது. சான்றிதழோடு கூடிய திறமைக்கோ ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி போன்ற பிற உலோகச் சுரங்கங்களிலும் மதிப்பு உண்டு. எனவே, பரீட்சை என்பதே உழைப்பவனுக்குப் பகை என்று நாம் முடிவு செய்துவிடலாகாது.

ஆயினும், எந்தச் சோதனையை மனிதன் ஏற்கிறான், எதனை வெறுக்கிறான் என்பதைத் தங்கவயலின் வரலாறே நமக்கு உணர்த்துகிறது. 1930-ஆம் ஆண்டில் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் முறை அங்குக் கொண்டுவரப்பட்டபோது பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கடினமான வேலையை நாள்தோறும் சுமந்தவர்களே அதனை எதிர்த்து எழுந்தனர். குற்றவாளியைப் பதிவு செய்வதுபோல் நம்மையும் பதிவு செய்கிறார்களே என்ற மன வேதனை அங்கே எழுந்ததை நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். திறமையைச் சோதிப்பது வேறு. ஆளைச் சந்தேகிப்பது வேறு. பணியில் இருப்போருக்கு வைக்கும் எந்தப் பரீட்சையும் இவ்விரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே, அது மனநிறைவை வளர்க்குமா கெடுக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

சுரங்கம் மூடிய பின்னர்த் தங்கவயலின் வாழ்வு வேறு திசையில் திரும்பிற்று. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்ற சிறு நிலையங்களில் விடியுமுன்னே ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவது ஆயிரக்கணக்கானோரின் அன்றாட வாழ்க்கையாயிற்று. பாறையைத் தட்டிப் பார்த்தவரின் பேரனும் பேத்தியும் கணினி முன்னும் கோப்புகளின் முன்னும் அமர்கின்றனர். கல்வி நிலையங்களும் பணியிடங்களாயின. 1964-இல் நிறுவப்பட்ட பெங்களூர்ப் பல்கலைக் கழகத்திலிருந்து பிரிந்து, 2017-இல் பெங்களூர் வடக்குப் பல்கலைக் கழகம் தோன்றியது. அதன் தலைமையிடம் கோலாரை அடுத்த தமகா என்னும் இடத்தில் அமைந்தது.

பல்கலைக் கழகத்தில் பணிபுரிவோரின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உலகில் வேறு எந்த அலுவலகத்திலும் இத்தனை பரீட்சைகள் நடைபெறுவதில்லை. வினாத்தாளை அச்சுக்கு அனுப்புவதும், ஹால் டிக்கெட்டை வழங்குவதும், விடைத்தாள் கட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பதும், முடிவுகளை வெளியிடுவதும் அங்குள்ள ஊழியரின் தொழில். பிறருடைய பரீட்சையையே தொழிலாகக் கொண்ட அவர்கள் தங்களுடைய பரீட்சை என்று வரும்போது அஞ்சுகிறார்கள் என்றால் நம்புவதற்குக் கடினமாக இருக்கலாம். ஆனால் காரணம் எளியது. தோல்வியுற்றவர்களின் எண்களை நாள்தோறும் பட்டியலிடுபவருக்குத் தம் எண்ணும் அப்பட்டியலில் ஏறக்கூடும் என்ற நினைவு மற்றவரைவிடக் கூர்மையாக உறைக்கும்.

அவர்கள் சந்திக்கும் சோதனைகள் யாவை? ஆசிரியப் பணியை நாடுவோருக்குத் தேசியத் தகுதித் தேர்வு 1989 முதல் நடைபெற்று வருகிறது. மாநிலத் தகுதித் தேர்வும் உண்டு. இதன் தாக்கத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கர்நாடகத்து அரசுக் கல்லூரிகளில் 'அதிதி உபன்யாசகர்' எனப்படும் கௌரவ விரிவுரையாளர்கள் பெருந்தொகையினராகப் பணியாற்றுகின்றனர். 2022 ஜனவரியில் மாநில அரசு அவர்களுடைய மதிப்பூதியத்தை உயர்த்தி அறிவித்தது. ஐந்தாண்டுக்கு மேல் பணி புரிந்தவர், பல்கலைக் கழக மானியக் குழு விதித்த தகுதியையும் உடையவராயின் மாதம் 32,000 ரூபாய். அதே ஐந்தாண்டு அனுபவம் இருந்தும் அத்தகுதி இல்லையேல் 28,000 ரூபாய். இருவரும் ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தை நடத்தலாம். ஆனால் அந்த அறிவிப்பின்படி தகுதித் தேர்வின் நிழல் மாதந்தோறும் சம்பளப் பட்டியலில் 4,000 ரூபாய் வித்தியாசமாக விழுந்தது. நிலையான நியமனம் இல்லாத பணியில் அந்த நிழல் மேலும் நீளுகிறது.

அலுவலகப் பணியாளரின் நிலையும் அத்தகையதே. கர்நாடக மாநில அரசு ஊழியர்களுக்கு இலாகாத் தேர்வுகளையும் கன்னட மொழித் தேர்வையும் வரையறுக்கும் விதிகள் 1974-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளன. பள்ளியில் கன்னடம் பயிலாமல் பணிக்கு வந்தவருக்குத் தகுதிகாண் பருவம் முடிவதும் பதவி உயர்வும் அந்த மொழித் தேர்வோடு பிணைந்தவை. 1963-ஆம் ஆண்டின் சட்டப்படி மாநிலத்தின் ஆட்சி மொழி கன்னடம். ஆதலால் கோப்பும் கடிதமும் சுற்றறிக்கையும் கன்னடத்திலேயே வருகின்றன. தமிழ்வழியிலோ ஆங்கில வழியிலோ பயின்ற தங்கவயல் இளைஞர் ஒருவர் இதனை எதிர்கொள்ளும்போது, தம் திறமை முழுவதும் ஓர் எழுத்துவரிசையின் பின்னே மறைந்துவிட்டதாக உணர்வது இயற்கையே.

இனி, பரீட்சை அச்சம் என்பது யாது என உளநூலார் கூறுவதைக் காண்போம். 1908-ஆம் ஆண்டில் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் சுண்டெலிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர. தவறான வழியில் நுழைந்த எலிக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. கடினமான பாடத்தைக் கற்கும்போது, அதிர்ச்சி மிகக் குறைவாக இருந்தாலும் எலி மெதுவாகவே கற்றது. மிகக் கூடுதலாக இருந்தாலும் மெதுவாகவே கற்றது. நடுத்தரமான அதிர்ச்சியின்போதே விரைவில் கற்றது. மனிதனின் மனம் எலியின் மனம் அன்று. எனினும், ஓரளவு அச்சம் நம்மைப் படிக்கத் தூண்டுகிறது, அளவு கடந்த அச்சம் படித்ததையும் மறக்கச் செய்கிறது என்பது நம் அனுபவத்தோடு ஒத்துவருகிறது.

1952-இல் யேல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மாண்ட்லர், சேமூர் சாரசன் ஆகியோர் பரீட்சை அச்சத்தை அளப்பதற்கென்றே ஒரு வினாப்பட்டியலை வகுத்தனர். பரீட்சையில் அமர்ந்தவரின் மனத்தில் இருவகை எண்ணங்கள் எழுகின்றன என்பது அவர்கள் கருத்து. ஒன்று, வினாவைப் பற்றியது. மற்றொன்று, தன்னைப் பற்றியது. 'இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?' என்பது முதல் வகை. 'நான் தோற்றுவிட்டால் என் கதி என்ன? மற்றவர்களெல்லாம் எழுதிக்கொண்டே போகிறார்களே!' என்பது இரண்டாம் வகை. இரண்டாவது பெருகப் பெருக முதலாவதற்கு இடமில்லாமற் போகிறது. 1967-இல் லீபர்ட், மாரிஸ் என்ற ஆய்வாளர்கள் இதனை மேலும் பகுத்தனர். நெஞ்சு படபடப்பது, கை வியர்ப்பது, வயிறு கலங்குவது ஆகிய உடற்பதற்றம் ஒன்று. உள்ளத்தில் சுழலும் கவலை மற்றொன்று. மதிப்பெண்ணைப் பெரிதும் குறைப்பது இவற்றுள் கவலையே. ஆகவே, கை நடுங்குவதைக் கண்டு 'நம்மால் ஆகாது' என்று எவரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. நடுங்கும் கையாலும் நன்றாக எழுதலாம்.

பணியில் மனநிறைவு என்பதையும் இவ்வாறே ஆராய்ந்துள்ளனர். 1935-இல் ராபர்ட் ஹாப்பாக் என்பவர், பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற சிற்றூரில் வேலை பார்த்த மக்களை அணுகி, அவர்கள் தம் வேலையை எவ்வளவு விரும்புகின்றனர் என்று விசாரித்து நூலாக வெளியிட்டார். 1959-இல் பிரடெரிக் ஹெர்ஸ்பர்க்கும் அவரது துணைவர்களும் பிட்ஸ்பர்க் நகரைச் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ இருநூறு பொறியாளர்களையும் கணக்கர்களையும் விசாரித்து வெளியிட்ட முடிவு இன்றும் பேசப்படுகிறது. சம்பளம், மேலதிகாரியின் போக்கு, வேலைச் சூழல், பணிப் பாதுகாப்பு ஆகியவை குறைந்தால் மனக்குறை உண்டாகும்; ஆனால் அவை நிறைந்திருப்பதால் மட்டும் மனநிறைவு உண்டாகிவிடாது. ஒரு காரியத்தைச் சாதித்தோம் என்ற உணர்வு, பிறர் அதனை மதித்தல், பொறுப்பு, முன்னேற்றம், வேலையின் தன்மை ஆகியவையே நிறைவைத் தருகின்றன என்றார் அவர். இம்முடிவைப் பின்வந்தோர் பலர் மறுத்துள்ளனர். சம்பளத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட இயலாது என்பதை இல்லறம் நடத்தும் எவரும் அறிவர். ஆயினும், குறையில்லாமை வேறு, நிறைவு வேறு என்ற பாகுபாடு நம் ஆராய்ச்சிக்கு உதவுகிறது.

ஏனெனில், பணியிலிருப்பவரின் பரீட்சை இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே தொடுகிறது. சம்பளத்தையும் பாதுகாப்பையும் அது கட்டுப்படுத்துகிறது. சாதனை உணர்வையும் மதிப்பையும் அதுவே தருகிறது, அல்லது பறிக்கிறது. பதினைந்து ஆண்டுகள் திறமையாகப் பணியாற்றிய ஒரு குமாஸ்தாவை எண்ணிக்கொள்வோம். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் உள்ளது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். புதிதாக வந்தவர்கள் ஐயம் கேட்பது அவரிடமே. ஆனால் இலாகாத் தேர்வில் ஒரு தாள் தேறாததால் அவருக்குப் பதவி உயர்வு இல்லை. அவர் தொழில் கற்றுக்கொடுத்த இளைஞர் ஒருநாள் அவருக்கே மேலதிகாரியாகிறார். அன்றுமுதல் அவர் தம் வேலையையே வெறுக்கத் தொடங்குகிறார். வேலை மாறவில்லை, சம்பளமும் குறையவில்லை. 'நான் தகுதியற்றவன்' என்ற ஒரு தீர்ப்பை அவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்டுவிட்டார். வெறுப்போடு வேலை செய்பவர் படிப்பிலும் ஊக்கம் காட்டுவதில்லை. படியாததால் அச்சம் வளர்கிறது. அச்சத்தால் மறுபடியும் தோல்வி நேர்கிறது. செக்குமாடுபோல் அவர் சுற்றிக்கொண்டே இருக்கிறார்.

இந்தச் சுழலை எங்கே அறுப்பது? அச்சத்தை முற்றாக ஒழிக்க முயல்வது வீண். பரீட்சையின் முடிவு நம் மதிப்பின் மேல் எழுதப்படும் தீர்ப்பு என்ற எண்ணத்தை அகற்றுவதே முதல் வேலை. எழுதுபவரும் இதைச் செய்யவேண்டும். பரீட்சை வைப்பவரும் செய்யவேண்டும்.

எழுதுபவர் செய்யக்கூடியவற்றை முதலில் கூறுவோம். படித்த பாடத்தையே மீண்டும் மீண்டும் படிப்பது பெரும்பாலோரின் வழக்கம். அது மனத்துக்கு இதமாக இருக்கும், பயன் குறைவு. 2006-இல் ரோடிகர், கார்பிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை நிறுவியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தனர். இரண்டு மணி நேர ரயில் பயணம் உடையவர்களுக்கு இது வரப்பிரசாதம். போகும்போது ஒரு விதியைப் படித்து, திரும்பும்போது புத்தகத்தைத் திறவாமல் அதனைப் பக்கத்து இருக்கை நண்பருக்குச் சொல்லிப் பார்க்கலாம். பழைய வினாத்தாள்களைக் கடிகாரத்தை எதிரே வைத்து எழுதிப் பழகினால், பரீட்சை மண்டபம் பழகிய இடமாகிவிடும்.

2011-இல் சிகாகோ பல்கலைக் கழகத்தில் ராமிரஸ், பைலாக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு மற்றொரு வழியைக் காட்டிற்று. பரீட்சைக்குச் சற்று முன்னர்ப் பத்து நிமிடம், தம் கவலைகளை ஒளிக்காமல் தாளில் எழுதிய மாணவர்களுள் அச்சம் மிகுந்தோர் நன்கு எழுதினர். கவலை தாளில் இறங்கினால் மனத்தில் வினாவுக்கு இடம் கிடைக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். செலவில்லாத முறை, முயன்று பார்க்கலாம்.

மொழித் தேர்வுக்கு அஞ்சும் தமிழருக்குத் தனியே ஒரு சொல். கன்னடம் நமக்கு அயல்மொழி அன்று, உறவு மொழி. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவது, வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டுவது முதலிய அமைப்பெல்லாம் தமிழைப் போன்றதே. தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன. பால் ஹாலு ஆகிறது, பல் ஹல்லு ஆகிறது, புலி ஹுலி, பத்து ஹத்து, பூ ஹூவு. இந்த ஒரு விதியை அறிந்தவருக்கே எத்தனையோ சொற்கள் வசமாகிவிடுகின்றன. தமிழர் இடறும் இடம் பெரும்பாலும் எழுத்தில்தான். தமிழில் ஒரே ககரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் நான்கு எழுத்துகள் உண்டு. சகர, டகர, தகர, பகரங்களும் அவ்வாறே. எனவே இலக்கணத்தைக் கண்டு மலைப்பதைவிட, நாள்தோறும் ஒரு பக்கம் கன்னடத்தைக் கேட்டு எழுதிப் பழகுவதே தக்க பயிற்சி. கடைப்பலகையும், பேருந்தின் முகப்பும், அலுவலகச் சுற்றறிக்கையும் நமக்குப் பாடப்புத்தகங்கள். மகாராஷ்டிரத்திலோ ஆந்திரத்திலோ ஒடிசாவிலோ வாழும் தமிழருக்கும், தெருவே பள்ளி என்ற இந்த உண்மை பொருந்தும். வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பதால் தாய்மொழிக்கு இழுக்கு எதுவும் இல்லை. தமக்கையின் வீட்டுக்குச் சென்று வருவதால் தாயின் வீடு அந்நியமாகிவிடுமா?

பரீட்சை வைப்பவரின் கடமை இதனினும் பெரிது. பாடத்திட்டத்தைக் காலத்தோடு தெளிவாக அறிவித்தல் வேண்டும். வேலைக்கும் வினாவுக்கும் தொடர்பு இருத்தல் வேண்டும். வெடி வைப்பவனிடம் வெடிமருந்தைப் பற்றிக் கேட்பதுபோல், கணக்கரிடம் கணக்கைப் பற்றிக் கேட்கலாம். அவர் ஒருநாளும் தொடாத ஒன்றைக் கேட்டு இடறச் செய்வதில் பயனில்லை. மீண்டும் எழுதுவதற்குப் போதிய வாய்ப்புகள் வேண்டும். படிப்பதற்குச் சில நாள் விடுப்பும், மூத்தவர்களைக் கொண்டு சிறு பயிற்சி வகுப்பும் ஏற்பாடு செய்தால் செலவு அதிகமாகாது. முடிவுகளை அனைவரும் காண அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குப் பதிலாக, அவரவரிடம் தனித்தனியே தெரிவிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தேறாதவர் நாள்தோறும் செய்யும் நல்ல வேலையை வாய்திறந்து பாராட்டும் மேலதிகாரி வேண்டும். பரீட்சையில் கிடைக்காத மதிப்பு பணியில் கிடைக்குமானால், அடுத்த பரீட்சைக்கு அமரும் தைரியம் தானே வரும்.

சிலருக்கு அச்சம் இந்த எல்லையையும் கடந்து போவதுண்டு. வாரக்கணக்கில் உறக்கம் இல்லை, உணவு செல்லவில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனவுறுதியின் குறையன்று, சிகிச்சைக்குரிய நிலை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமாகிய நிம்ஹான்ஸ் இதற்கென உள்ளது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ், கன்னடம் உட்படப் பல மொழிகளில் ஆலோசனை கிடைக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கம் வேண்டாம். குடும்பத்தினருக்கும் இதில் பங்குண்டு. 'எத்தனை முறைதான் எழுதுவீர்கள்?' என்ற ஒரு கேள்வி, வினாத்தாளிலுள்ள எல்லாக் கேள்விகளையும்விடக் கடினமானதாகிவிடலாம்.

சுருங்கக் கூறின், பரீட்சை என்பது ஒருவர் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட பாடத்தில், எவ்வளவு எழுதினார் என்பதைக் காட்டும் அளவுகோல். அதற்கு மேல் அது எதுவும் அன்று. அந்த அளவுகோலைக் கொண்டு அவருடைய இருபதாண்டு உழைப்பையும், நேர்மையையும், பிறருக்கு அவர் செய்த உதவியையும் அளந்துவிட முடியாது. தங்கவயலில் இறங்கிய தலைமுறை அளவிட முடியாத திறமையைத் தம்மோடு கொண்டிருந்தது. அதற்குரிய சான்றிதழ் கிடைக்காமலே அவர்களுள் பலர் ஓய்வு பெற்றனர். அவர்களுடைய வழித்தோன்றல்களும், வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் அனைவரும், தம் திறமையைத் தாமும் அறிந்து, தாளிலும் நிலைநாட்டக் கற்றுக்கொள்ளல் வேண்டும். தேறினால் பணி உயரும். தேறாவிட்டால் அடுத்த தேதி அறிவிக்கப்படும். அதற்கு மனுச் செய்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் புறப்படுவதே முறை.